கோவையிலிருந்து பாலக்காட்டுச் சந்தைக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை குறிச்சியில் குடியிருக்கிறேன். மாதத்தில் ஒரு நாளாவது கேரள எல்லையிலுள்ள வாளையார் தாண்டிப் பாலக்காடு போய் அரிசி வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. போய் வருவது தெரிந்த சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கோவையிலேயே எல்லாம் கிடைக்கிறதே, சந்தைக்கென்று பாலக்காடு போக வேண்டுமா?

இங்கே கிடைக்காத காய்கறியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கே மேலாமுறி காய்கறிச் சந்தையில் நின்று பார்த்தால் தக்காளி, வெங்காயம், முருங்கை, கத்தரி எல்லாம் நம் பக்கத்து லாரிகளிலிருந்துதான் இறங்கும். ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சி, கோவைச் சந்தைகளில் விடியும் முன்பே ஏற்றிய சரக்கு. ஓணத்துக்குப் பூக்கோலம் போட வரும் செண்டுமல்லியில் பெரும்பகுதி நம் பக்கத்துத் தோட்டங்களில் பறித்ததுதான். சிப்ஸுக்கு வெட்டுகிற நேந்திரங்காயில்கூட மேட்டுப்பாளையம் ஏலத்தில் எடுத்தது நிறைய இருக்கும்.

அதனால் நான் யாரிடமும் சொல்வது ஒன்றுதான். அந்தச் சந்தையில் எது நம்மிடமிருந்து போனது, எது அவர்கள் மண்ணிலும் கையிலும் ஆனது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காய்கறியை விட்டுவிடுங்கள். சிவப்பான மட்டை அரிசி, தேங்காய் எண்ணெயில் பொரித்த சிப்ஸ், பப்படம், கைத்தறி முண்டு (வேட்டி) என்று அவர்கள் பொருளைத் தேடுங்கள். இப்படிப் பார்க்கத் தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சந்தை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கணவாய் வழியாகக் காலங்காலமாக நடக்கிற கொடுக்கல் வாங்கல் அது. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் வாய் திறந்து நிற்கிறது. மேற்குக் கரையில் இறங்கிய ரோமானியச் சரக்கும் காசும் கொங்கு நாட்டுக்குள் வந்தது இந்த வழியாகத்தான். நம் வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்கும் காரணம் இந்த வாய்தான்.

எல்லையில் நிறுத்திக் கேட்பார்களா? பாஸ் ஏதாவது வேண்டுமா?

வேண்டாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் வழக்கமான வண்டிக் காகிதங்களையும் லைசென்ஸையும் வைத்திருந்தால் போதும். கொரோனா காலத்து இ-பாஸ் நினைவில் இன்னும் சிலர் கேட்கிறார்கள். அதெல்லாம் முடிந்துவிட்டது. வாடகைக் கார் என்றால் மட்டும் கேரளாவுக்குள் போக பர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். கிளம்பும் முன்பே டிரைவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு வாளையாரில் வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. அதற்கு முன்னால் அங்கே லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த வழியில் போன யாருக்கும் அது மறக்காது. இப்போது தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிற வேகத்தில் எல்லை தாண்டுவதே தெரியாது. கடைப் பலகையில் எழுத்து மாறியதும்தான் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம். நம் ரேஷன் அரிசியை அந்தப் பக்கம் கொண்டு போவது குற்றம், அதற்குச் சோதனை உண்டு. அங்கிருந்து வீட்டுக்குப் பத்து, இருபது கிலோ மட்டை அரிசி வாங்கி வருவதில் எந்தத் தடையும் இல்லை.

பஸ்ஸில் போவது நல்லதா, ரயிலா, காரா?

பஸ் என்றால் கோவை உக்கடத்தில் ஏற வேண்டும். குனியமுத்தூர், மதுக்கரை, எட்டிமடைப் பிரிவு, கே.ஜி.சாவடி, வாளையார், கஞ்சிக்கோடு, புதுச்சேரி, சந்திரநகர் என்று வழி. இந்தப் புதுச்சேரி பாலக்காட்டுப் பக்கத்து ஊர், குழம்ப வேண்டாம். தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது ரயில். மதுக்கரை தாண்டினால் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். போத்தனூரிலிருந்து பட்டாம்பி வரைக்கும் 1862ல் போட்ட பாதை இது. ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்குப் பாலக்காடு டவுன் வரை மெமு ரயில் இருக்கிறது. நேரம் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்காடு ஜங்ஷன் இருப்பது ஒலவக்கோட்டில், ஊருக்குச் சற்று வெளியே. சந்தைக்குப் போகிறவர்களுக்கு டவுன் ஸ்டேஷன்தான் வசதி. ஜங்ஷனில் இறங்கினால் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

பொள்ளாச்சிக்காரர்கள் கோவை வரவே வேண்டாம். கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாக பஸ் இருக்கிறது. மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாற்றி 2015ல் திறந்த ரயில் பாதையும் இருக்கிறது. மாம்பழப் பருவத்தில் முதலமடை வழியாகப் போகும் அந்த ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மற்ற ஊர் மா பிஞ்சாக இருக்கும்போதே முதலமடையில் அறுவடை தொடங்கிவிடும்.

காரில் போனால் ஒரே ஒரு நன்மை, ராமசேரி. அதைக் கீழே சொல்கிறேன். பாம்பாம்பள்ளத்தில் சுங்கச்சாவடி உண்டு, பாஸ்டேக் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள், எந்த மாதம் நல்லது?

செவ்வாய் முதல் வெள்ளி வரை. ஞாயிற்றுக்கிழமை போனால் மொத்தக் கடைகள் பலதும் அடைத்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் லீவு என்று ஒரு ஞாயிறு போய், பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்றும் முந்தின நாள் செய்தியில் பாருங்கள். அங்கே ஹர்த்தால் என்றால் டீக்கடைகூட அடைத்திருக்கும், பஸ்ஸும் ஓடாது.

ஆனி, ஆடியில் நமக்கு இங்கே காற்றும் சாரலும்தான். வாளையார் தாண்டியதும் அது கொட்டுகிற மழையாகிவிடும். நம் பக்கம் வெயில் அடிக்கிறதே என்று குடை இல்லாமல் கிளம்பக் கூடாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், நம் ஊரைவிடக் கடுமை. ஆவணியில் ஓண நெரிசல். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் சுகம்.

காலைச் சாப்பாடு எங்கே?

வண்டி இருந்தால் ராமசேரி. நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிப் பக்கம் பிரிந்து வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் வரும் சின்ன ஊர். பஸ்ஸில் வந்தால் புதுச்சேரியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ராமசேரி இட்லி நம் இட்லி மாதிரி குண்டாக இருக்காது. தட்டையாக, உள்ளங்கை விரித்த அகலத்தில், ஊத்தப்பத்துக்கும் இட்லிக்கும் நடுவில் இருக்கும். செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். விறகடுப்பில் மண்பானை, அதில் தண்ணீர் கொதிக்கிறது. பானை வாய்க்கு மேல் கயிற்று வலை பின்னிய மண் வளையம். அதன் மேல் ஈரத்துணி. மாவைக் கரண்டியால் துணி மேல் ஊற்றிப் பரப்பி, இன்னொரு பானையைக் கவிழ்த்து மூடினார் அந்த அம்மா. சில நிமிடம் கழித்துத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. துணியோடு தூக்கிப் புரட்டித் தண்ணீர் தெளித்து உரித்தபோது, இட்லியின் அடியில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றிய பொடியோடு சாப்பிட வேண்டும். ஆறினாலும் கல்லாகாது, அடுத்த நாளும் மெதுவாகவே இருக்கும்.

இதைச் செய்கிற குடும்பங்கள் முதலியார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து நெசவுக்காரர்களாக வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ்தான் பேசுகிறார்கள். “கோயமுத்தூருங்களா?” என்று கேட்டுவிட்டு இன்னொரு இட்லி வைத்தார் அந்த அம்மா.

சந்தையில் மட்டை அரிசியை எப்படிப் பார்த்து வாங்குவது?

வலியங்காடி என்பது பழைய மொத்தக் கடைத்தெரு. வலிய என்றால் பெரிய, பெரியகடை வீதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையாக விற்கிற மண்டிகளுக்கு நடுவே ஐந்து, பத்து கிலோ நிறுத்துத் தருகிற கடைகளும் உண்டு. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். அதற்கு முன்னால் லாரி இறக்கும் நேரம், நடக்கவே இடம் இருக்காது. மதியத்துக்குப் பிறகு தெரு தூங்கிவிடும்.

பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடு உண்டு. நெல்லை அவித்துக் காயவைத்து, தவிட்டை முழுசாக எடுக்காமல் குத்துவதால் அந்தச் சிவப்பு. உருண்டையாக இருப்பது உண்டை மட்டை, நீளமாக இருப்பது வடி மட்டை. கஞ்சிக்கு உண்டை, குழம்பு ஊற்றிச் சாப்பிட வடி. முதல்முறை வாங்குகிறவர்கள் வடி மட்டையில் தொடங்குங்கள், நம் நாக்குக்குச் சீக்கிரம் பழகும்.

நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் வயதான ராவுத்தர். பாலக்காட்டு ராவுத்தர்கள் பலரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பார்த்து வாங்க எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். குத்தூசியை மூட்டையில் செருகி உருவி, அதன் பள்ளத்தில் வந்த அரிசியை என் கையில் கொட்டினார். “மேலே இருக்கறதப் பார்க்காதீங்க தம்பி, நடுவுல இருக்கறதப் பாருங்க” என்றார். ஒரு மணியை முன்பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நமுத்தால் ஈரம் ஏறிய அரிசி. அப்புறம் மணியின் மேல் சிவப்பு ஒரே சீராக இல்லாமல் கோடு கோடாக, அங்கங்கே வெளிறி இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த மாதிரி ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கழுவும்போது தண்ணீர் கொஞ்சம் சிவக்கும், அது இயல்பு. கழுவக் கழுவ அரிசியே வெள்ளையாகிவிட்டால் அது சாயம்.

முதல் தடவையே மூட்டை வாங்காதீர்கள். ஐந்து கிலோ வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நடையில் கூடுதலாக வாங்கலாம். தவிடு இருப்பதால் வண்டு சீக்கிரம் வரும்.

வாங்கி வந்தேன், வேகவே இல்லை. ஏன்?

பொன்னி அரிசி மாதிரி வைத்திருப்பீர்கள். நாலைந்து முறை கழுவி ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு ஐந்து டம்ளர் தண்ணீர். திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் ஆகும். குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து கஞ்சியை வடியுங்கள். அந்தக் கஞ்சியைக் கீழே ஊற்றிவிட வேண்டாம். உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்தால் சாயங்காலம் வரை பசிக்காது. அம்மிச்சி இந்தக் கஞ்சிக்காகவே அரிசி வாங்கச் சொல்வார்.

சிப்ஸ் எங்கே வாங்குவது?

நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் அவசரத்துக்கு வாங்காதீர்கள். ஒருமுறை அப்படி வாங்கி வீட்டில் பிரித்தபோது பழைய எண்ணெய் சிக்கு வாடை. விருந்தாளிக்கு முன்னால் வைத்துவிட்டு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கண் முன்னே பொரிக்கிற கடையில் நில்லுங்கள், ஊருக்குள் நிறைய உண்டு. தோல் சீவிய நேந்திரங்காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலேயே பிடித்துச் சீவுவார்கள், வில்லைகள் நேராகச் சட்டிக்குள் விழும். பாதி பொரிந்ததும் மஞ்சள் கரைத்த உப்புத்தண்ணீரை ஒரு கரண்டி எடுத்து எண்ணெயிலேயே ஊற்றுவார்கள். படபடவென்று சத்தம் எழும்பி நுரை விளிம்பு வரை ஏறும். முதல்முறை பார்க்கிறவர் பின்னால் தள்ளிப் போய்விடுவார். சத்தம் அடங்கினால் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிட்டது, மொறுமொறுப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். சூட்டோடு பாக்கெட்டில் போடச் சொல்லாதீர்கள், வேர்த்துப் போகும். பத்து நிமிடம் ஆறவிட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெய்தானா என்று மூக்கே சொல்லிவிடும். மார்கழிக் குளிரில் பாக்கெட்டின் உள்பக்கம் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தால் அதுவும் நல்ல அடையாளம்.

மலையாளம் தெரியாது, சமாளிக்க முடியுமா?

தாராளமாக. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடும் நம்மைப் போலச் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது, மலபார் மாவட்டத்தில். கடைத்தெருவில் தமிழ் புரியாதவர் அபூர்வம். ஆனாலும் இரண்டு மூன்று சொல் தெரிந்தால் முகம் மலரும். எத்ர என்றால் எவ்வளவு. மதி என்றால் போதும். வெள்ளம் என்றால் குடிதண்ணீர். நாம் தமிழில் பேசுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசினாலே போதும். வயதில் மூத்தவரைச் சேட்டா என்று கூப்பிடலாம், பெண்களைச் சேச்சி.

மதியம் சாப்பாடு எப்படி இருக்கும்?

ஊண் என்று கேளுங்கள். மட்டைச் சோறா, வெள்ளைச் சோறா என்று கேட்பார்கள். மட்டையே கேளுங்கள், வாங்கப் போகிற அரிசியின் ருசி தெரிந்துவிடும். உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாகச் சூடான தண்ணீர் வைப்பார்கள். எங்கள் பெரியம்மா டம்ளர் கழுவவில்லை என்று நினைத்துக் கீழே கொட்டப் போனார். பதிமுகம் என்ற மரச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த குடிநீர் அது. தைரியமாகக் குடிக்கலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பலகையில் வெஜிடேரியன் என்று எழுதிய ஓட்டலாகப் பார்த்துப் போங்கள். மற்ற ஓட்டல்களில் மாட்டிறைச்சியும் இருக்கும்.

அரிசி, சிப்ஸ் தவிர வேறென்ன வாங்கலாம்?

பப்படம். நம் அப்பளம் மாதிரி மாதக்கணக்கில் வைக்க முடியாது, சில வாரத்தில் சிவந்துவிடும். கொஞ்சமாக வாங்கித் தேங்காய் எண்ணெயில் பொரியுங்கள், பூரி மாதிரி உப்பும். கசவுக்கரை (சரிகைக் கரை) போட்ட முண்டு, சேலை வாங்குவதானால் கைத்தறியா, விசைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். சரிகைக் கரையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வீட்டிலிருந்து இரண்டு மஞ்சப்பை எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பை அங்கேயும் தடைதான்.

வாளையாரில் வரிசையாக லாட்டரிக் கடை இருக்கிறதே, வாங்கலாமா?

கேரள அரசே 1967லிருந்து நடத்துவது, அங்கே வாங்குவது சட்டப்படி சரி. தமிழ்நாட்டில் 2003லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது, இங்கே கொண்டு வந்து விற்றால் வழக்கு. என் சொந்தக் கருத்து, அரிசி வாங்கப் போன காசை அரிசிக்கே கொடுங்கள். கூலி வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கடைகளில் நாள் சம்பளத்தை எண்ணிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சந்தை முடிந்த பிறகு நேரம் இருந்தால்?

மூன்று மணிக்குக் கோட்டை. 1766ல் ஹைதர் அலி கட்டியது. கணவாயைக் கையில் வைத்திருந்தவனுக்குத்தான் கோவையும் மலபாரும், அதனால்தான் கோட்டை இங்கே. சுற்றி அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. மதில் நிழலில் நடந்தால் உண்ட களைப்பு போய்விடும்.

ஐந்து மணிக்குக் கல்பாத்தி. ஆற்றங்கரையில் விசுவநாதர் கோயில், வரிசை வீடுகளாக அக்ரகாரம், தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். படித்துறையில் உட்காருங்கள். வடாம், ஊறுகாய் விற்கிற வீடுகளும் அங்கே உண்டு. ஐப்பசிக் கடைசியில் தேர். அன்றைக்குச் சந்தை வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், தேருக்கென்றே தனியாகப் போங்கள்.

மலம்புழாவும் சேர்த்துப் பார்க்கலாமா?

வேண்டாம். 1955ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை, அழகான இடம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் சந்தையில் ஓடிக்கொண்டே வாங்குவீர்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

ஆறு, ஆறரைக்குள் கிளம்பினால் எட்டு மணிக்கு வீடு. அதற்குப் பிறகும் பஸ், ரயில் உண்டு, பயமில்லை. இரவில் மதுக்கரைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே ரயில் மெதுவாகப் போனால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது யானைகள் கடக்கிற காடு. இந்தத் தண்டவாளத்தில் எத்தனையோ யானைகள் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2024ல் மதுக்கரைப் பக்கம் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் வைத்து, யானை வந்தால் ரயில்வேக்கு முன்கூட்டியே தகவல் போகிற ஏற்பாடு செய்தார்கள். பத்து நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அரிசிப் பையைச் சீட்டுக்கு அடியில் நிற்க வைத்து, சிப்ஸை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அரிசியைப் பையிலேயே விடாமல் ஒரு துணியில் கொட்டி, காலை இளவெயிலில் அரைமணி நேரம் காயவைத்து, நாலு வேப்பிலை போட்டு டப்பாவில் மூடிவிடுங்கள்.